வளாக வலையமைப்பில் மாணவர் கணினி: தூத்துக்குடிக் கரையோரக் கல்விச் சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர் தம் சொந்தக் கணினியை வளாக வலையமைப்புடன் இணைப்பது பெரும்பாலும் ஒரு தொழில்நுட்பப் பணியாகவே கருதப்படுகிறது. உண்மையில் அது ஓர் அடையாள ஏற்பு ஆகும். எந்தக் கணினி, யாருடையது, எதைப் பெறலாம் என்னும் மூன்று வினாக்களுக்கு வலையமைப்பு அளிக்கும் விடையே ஒரு மாணவரின் நூலக அணுகலையும் ஆய்வு வாய்ப்பையும் அந்தரங்கத்தையும் தீர்மானிக்கிறது. இக்கட்டுரை அவ்விணைப்பு செயற்படும் முறையைப் படிப்படியாக விளக்குகிறது. கணினியைப் பதிவு செய்யும் பழைய முறை ஏன் தளர்ந்தது என்பதையும், மாணவரை அடையாளம் காணும் முறை ஏன் பொருத்தமானது என்பதையும் காட்டுகிறது. கடற்காற்று, வெள்ளம், இணையத் துண்டிப்பு ஆகியவற்றை எதிர்கொண்ட தூத்துக்குடிக் கரையோரத்தின் தேவைகளை முன்வைத்துச் சில முடிவுகளையும் தருகிறது.

திறவுச்சொற்கள்: வளாக வலையமைப்பு, மாணவர் கணினி, அடையாளச் சரிபார்ப்பு, எடுரோம், மின்னூலகம், தரவுப் பாதுகாப்பு, தூத்துக்குடி.

முன்னுரை

முத்துக்குளித்துறை எனப் பெயர்பெற்ற தூத்துக்குடிக் கரையில் முத்துச் சலாபம் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அச்சலாபத்தையும் அதை நடத்திய பரதவர் சமூகத்தையும் ஆராய்வோர்க்கு இன்று முதன்மைச் சான்றுகளாக விளங்குபவை ஆவணங்களே. எட்கர் தர்ஸ்டன், ஜேம்ஸ் ஹார்னெல் போன்றோர் சென்னை மாகாண அரசுக்கு எழுதிய முத்து, சங்குக் குளிப்பு அறிக்கைகளும், 1586இல் புன்னைக்காயலில் அச்சான தமிழ் நூலான ‘அடியார் வரலாறு’ம் அத்தகையன. இவற்றுள் பழைய அறிக்கைகள் பலவும் மின்னாவணங்களாகிவிட்டன. தூத்துக்குடியில் பயிலும் ஆய்வாளர் ஒருவர் தம் ஊரின் வரலாற்றைப் படிக்க வேண்டுமாயினும், அது அவர் மேசைக்கு வந்து சேரும் வழி வலையமைப்பே.

தூத்துக்குடியின் உயர்கல்விப் பரப்பு பல்வகைப்பட்டது. 1948இல் தொடங்கிய தூய மரியன்னை கல்லூரி, 1951இல் தொடங்கிய வ.உ.சிதம்பரம் கல்லூரி போன்ற கலை அறிவியல் கல்லூரிகள் திருநெல்வேலி அபிஷேகப்பட்டியில் அமைந்த மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துடன் இணைவு பெற்றவை. 1977இல் நிறுவப்பட்ட மீன்வளக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் 2012 முதல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. பல்கலைக்கழக வ.உ.சி. பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. ஒரே நகரில் மூன்று பல்கலைக்கழகங்களின் ஆட்சி எல்லைகள் சந்திக்கின்றன. ஒரு மாணவர் ஒரு வளாகத்திலிருந்து இன்னொன்றிற்குச் செல்லும்போது அவருடைய கணினி அங்கே அறியப்படாத ஒன்றாகிவிடுகிறது. இச்சூழலில் கணினி இணைப்பு என்பதன் பொருளை ஆராய்வது தேவையாகிறது.

கடலடி வடமும் வகுப்பறை இணைப்பும்

தூத்துக்குடிக்கும் கொழும்பை அடுத்த கல்கிசைக்கும் இடையே ‘பாரத் லங்கா’ என்னும் கடலடி ஒளியிழை வடம் 2006 முதல் இயங்கி வந்துள்ளது. பாரத் சஞ்சார் நிகாம் நிறுவனமும் சிறீலங்கா டெலிகாம் நிறுவனமும் இணைந்து அமைத்த இது ஏறத்தாழ 320 கிலோமீட்டர் நீளமுடையது. பன்னாட்டு வடம் கரையேறும் ஊரில் கல்லூரி இணைப்பும் விரைவாக இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆயினும் அவ்வெண்ணம் சரியன்று. கடலடி வடம் நாட்டிடைப் போக்குவரத்தைச் சுமப்பது. கல்லூரியின் வேகத்தைத் தீர்மானிப்பவை அக்கல்லூரி வாங்கிய இணைப்பின் அளவும் வளாகத்திற்குள் அது பகிரப்படும் முறையுமே ஆகும்.

இந்தியக் கல்வி வலையமைப்புகளின் வரலாறும் இவ்வேறுபாட்டைக் காட்டுகிறது. 1986இல் எர்நெட் திட்டம் தொடங்கியது. 2002இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் இன்ஃபோநெட் பல்கலைக்கழகங்களை இணைத்தது. 2010 மார்ச்சில் தேசிய அறிவு வலையமைப்பிற்கு 5,990 கோடி ரூபாய் ஒதுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இதையொட்டிய தேசியக் கல்வித் தொழில்நுட்ப இயக்கத்தின் திட்ட அமைப்பில் பல்கலைக்கழகத்திற்கு நொடிக்கு 1 கிகாபிட் இணைப்பும், கல்லூரிக்கு 512 கிலோபிட் அளவிலான இருபது வரையான இணைப்புகளும் வகுக்கப்பட்டன. இருபது இணைப்புகளையும் கூட்டினால் ஏறத்தாழ 10 மெகாபிட் ஆகும். பல்கலைக்கழகம் பெற்றது அதைப்போல் நூறு மடங்கு. பெரும்பான்மை மாணவர் பயில்வதோ இணைவுக் கல்லூரிகளில். பின்னர் வணிக இணைப்புகளின் வேகம் பன்மடங்கு உயர்ந்துவிட்டது. எனினும் ‘பல்கலைக்கழகம் முதலில், கல்லூரி பின்னர்’ என்னும் அமைப்பு, தூத்துக்குடி போன்ற இணைவுக் கல்லூரிகள் மிகுந்த நகரங்களின் தொடக்க நிலையை வரையறுத்தது.

இணைப்பின் படிநிலைகள்

மாணவர் கணினி வளாக வலையமைப்பில் சேர்வது நான்கு படிகளில் நிகழ்கிறது.

முதற்படி பருப்பொருள் இணைப்பு. செம்புக் கம்பி வழியான ஈதர்நெட் இணைப்பு ஒன்று 100 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது. ஆகவே கட்டடங்களுக்கு இடையே ஒளியிழையும் கட்டடத்திற்குள் செம்புக் கம்பியும் கையாளப்படுகின்றன. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு கட்டடத்தில் தாக்கும் மின்னலின் அதிர்வு அடுத்த கட்டடத்துக் கருவிகளை அடையாமல் தடுக்க இது உதவுகிறது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று செம்பு முனைகளை அரிக்கும். வெளிச்சுவரில் பொருத்திய அணுகுமுனைகளுக்கு நீர்ப்புகா உறைகளும், இணைப்பு முனைகளுக்குக் காலமுறை ஆய்வும் இன்றியமையாதவை.

கம்பியில்லா இணைப்பான வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் இயங்குகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே உள்ளன. இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸ் பரப்பு 2018 அக்டோபரில் உரிமமின்றிப் பயன்படுத்துமாறு விரிவாகத் திறக்கப்பட்டது. துறைமுகத்துக் கப்பல்களின் ராடார் தம் வைஃபையைக் கெடுப்பதாகக் கூறும் வழக்கம் உண்டு. கப்பல்களின் வழிச்செலுத்து ராடார்கள் பொதுவாக 3, 9 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்குவன. அவை வைஃபையின் வரிசையில் இல்லை. ஒரு வகுப்பறையில் இணைப்பு தளர்வதற்கு ஒரே தடத்தில் பல அணுகுமுனைகள் அமைவதே பெரும்பாலும் காரணமாகிறது.

இரண்டாம் படி முகவரி வழங்கல். ஒவ்வொரு கணினிக்கும் தற்காலிகமாக ஓர் ஐ.பி. முகவரியை டி.எச்.சி.பி. சேவையகம் வாடகைபோல் அளிக்கிறது. பலர் கையாளும் சிறு பிரிவு ஒன்றில் 254 முகவரிகளே இருக்கும். எடுத்துக்காட்டாக, 2,000 மாணவர் பயிலும் கல்லூரியில் ஒவ்வொருவரும் மடிக்கணினியும் கைபேசியும் கொண்டுவந்தால் 4,000 முகவரிகள் தேவை. 4,094 முகவரிகள் கொண்ட பிரிவு அதற்கு நேராக ஈடுகொடுக்கும். முகவரியின் வாடகைக் காலம் 24 மணிநேரமாக அமைந்தால், காலையில் நூலகத்திற்கு வந்துபோன மாணவரின் முகவரி இரவுவரை வீணே முடங்கிக் கிடக்கும். பிற்பகலில் வருபவருக்கு ‘இணைந்தது, ஆனால் இணையம் இல்லை’ என்னும் நிலை தோன்றும். வேகக் குறைவாகத் தோன்றும் இக்குறை உண்மையில் முகவரிப் பற்றாக்குறையாகும். வாடகைக் காலத்தை இரண்டு மணிநேரமாகக் குறைப்பதே செலவில்லாத தீர்வு.

மூன்றாம் படி அடையாளச் சரிபார்ப்பு. நான்காம் படி அனுமதி. இவ்விரண்டிலுமே வளாகத்தின் கொள்கை வெளிப்படுகிறது.

கணினியை அறிதலும் மாணவரை அறிதலும்

தொடக்க காலத்தில் வளாகங்கள் கணினியையே அறிந்துகொண்டன. ஒவ்வொரு வலையமைப்பு அட்டைக்கும் 48 பிட் அளவிலான ஒரு வன்பொருள் எண் உண்டு. பன்னிரண்டு பதினறும இலக்கங்களாக எழுதப்படும் இது மேக் முகவரி எனப்படும். மாணவர் ஒரு படிவத்தில் இவ்வெண்ணை எழுதித் துறைத்தலைவரிடம் ஒப்பம் பெற்றுக் கணினி மையத்தில் அளிப்பார். சில நாள் கழித்து இணைப்புக் கிட்டும்.

இம்முறையின் முதற்குறை, அவ்வெண்ணை எவரும் மாற்றிக்கொள்ள இயலும் என்பது. இரண்டாவது குறை அண்மையில் தோன்றியது. 2019இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வெளிவந்த ஐ.ஓ.எஸ். 14 ஆகிய இயங்குதளங்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைவெண்ணைத் தாமே உருவாக்கி அளிக்கின்றன. கடைத்தெருவிலும் தொடர்வண்டி நிலையத்திலும் பயனரைப் பின்தொடர்வதைத் தடுப்பதே இதன் நோக்கம். மேக் முகவரியின் இரண்டாம் இலக்கம் 2, 6, ஏ, ஈ ஆகியவற்றுள் ஒன்றாயின் அது உற்பத்தியாளர் பொறித்த எண் அன்று, கருவியில் பின்னர் அமைக்கப்பட்டது என்று கொள்ளலாம். படிவத்தில் எழுதிய எண்ணும் வலையமைப்பு காணும் எண்ணும் வேறுபடுவதால் பதிவு செய்த மாணவரே வெளியே நிறுத்தப்படுகிறார். அந்தரங்கம் காக்கும் ஏற்பாட்டை முடக்குமாறு மாணவரிடம் கோருவது வழக்கமாகிவிட்டது. இது நோய்க்கு மருந்தாகாது.

பொதுக் கடவுச்சொல் ஒன்றை அனைவர்க்கும் அளிப்பது அடுத்த முறை. ஒருவர் வெளியிட்டால் அனைவர்க்கும் மாற்றவேண்டும். படிப்பு முடித்துச் சென்றவரிடமும் அது எஞ்சியிருக்கும். உலாவியில் தோன்றும் நுழைவுப் பக்கத்தில் பயனர்பெயரைக் கேட்பது மூன்றாவது முறை. இதில் மாணவர் அறியப்படுகிறார். ஆயினும் அதன் அடியிலுள்ள வைஃபை திறந்ததாக அமைந்தால், காற்றில் செல்லும் தரவு வைஃபை அளவில் மறையாக்கம் பெறுவதில்லை. இத்தகைய போலிப் பக்கத்தை ஆக்கி அதே பெயரில் ஒரு வைஃபை நிறுவுவதும் எளிது.

நான்காவது முறை 802.1எக்ஸ் என்னும் செந்தரத்தைச் சார்ந்தது. இதில் மூவர் பங்கேற்கின்றனர்: மாணவர் கணினி, அணுகுமுனை, சான்றுச் சேவையகம். அணுகுமுனை வாயிற்காவலராக மட்டும் நிற்கிறது. அது கடவுச்சொல்லை அறிவதில்லை. மாணவர் கணினி முதலில் சேவையகத்தின் மின்சான்றிதழைச் சோதித்து, அது தம் கல்லூரியினுடையதே என உறுதி செய்கிறது. பின்னர் மறையாக்கம் செய்த தடத்தின் வழியே பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் அனுப்புகிறது. சேவையகம் ‘ஏற்க’ அல்லது ‘மறுக்க’ என்று விடை தருகிறது. ஏற்றபின் ஒவ்வொரு மாணவர்க்கும் தனித்தனி மறைக்குறி உருவாகிறது. கணினி மாறினாலும், மேக் முகவரி புனைவெண்ணாயினும், மாணவர் மாறுவதில்லை. அவர் படிப்பை முடிக்கும் நாளில் அவருடைய கணக்கு ஒன்றை மட்டும் நீக்கினால் போதும்.

இம்முறையில் ஒரு படி தவறினால் பயனனைத்தும் கெடும். அமைக்கும்போது ‘சான்றிதழைச் சோதிக்க வேண்டாம்’ என்று தேர்ந்தால், போலி அணுகுமுனையிடமும் கணினி கடவுச்சொல்லை ஒப்படைத்துவிடும். ஆண்ட்ராய்டு 2020 இறுதியில் இத்தேர்வை நீக்கத் தொடங்கியதும் பல வளாகங்களில் இணைப்பு நின்றுபோனது, அவை அதுவரை சான்றிதழின்றியே இயங்கிவந்ததைக் காட்டியது.

எடுரோம்: வளாகங்களுக்கு இடையே ஏற்பு

மாணவரை அறியும் முறையின் பெரும்பயன் எடுரோம் ஆகும். 2002இல் நெதர்லாந்தில் தோன்றிய கருத்திலிருந்து வளர்ந்த இது இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் இயங்குகிறது. இந்தியாவில் எர்நெட் இதை நடத்துகிறது. இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்கு லேர்ன் என்னும் கல்வி ஆய்வு வலையமைப்பு இதனை வழங்குகிறது.

இதன் செயல்முறை எளியது. பயனர்பெயரின் பிற்பகுதியில் மாணவரது நிறுவனத்தின் இணையப் பெயர் அமைந்திருக்கும். வேறொரு வளாகத்தில் அவர் கணினியைத் திறந்ததும் அங்குள்ள சேவையகம் அப்பிற்பகுதியைக் கண்டு வினாவை அவருடைய சொந்த நிறுவனத்திற்கு அனுப்பும். விடை அங்கிருந்து வரும். விருந்தளிக்கும் வளாகம் அவர் கடவுச்சொல்லைக் காண்பதில்லை. மன்னார் வளைகுடாவின் மீன்வளத்தையோ பரதவர் வாழ்வியலையோ ஆராயும் தூத்துக்குடி மாணவர் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ தம் கணினியைத் திறந்து பணியாற்ற வழியுண்டு. ஆனால் இரு நிறுவனங்களும் இக்கூட்டில் உறுப்பினராதல் வேண்டும். மூன்று பல்கலைக்கழகங்களின் கல்லூரிகள் அமைந்த தூத்துக்குடி நகருக்குள்ளேயே இத்தகைய கூட்டு ஏற்பின் தேவை மிகுதி.

இணைப்பும் நூலகமும்

2021 ஜனவரியில் தமிழக அரசு கல்லூரி மாணவர் 9.69 இலட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. வீதம் நான்கு மாதங்களுக்குக் கட்டணமில்லாத் தரவு அட்டைகளை அறிவித்தது. இணையவழி வகுப்புகளுக்கு அது பேருதவியாயிற்று. ஆயினும் கைபேசித் தரவும் வளாக இணைப்பும் ஒன்றல்ல. ஆய்விதழ் வெளியீட்டகங்கள் பலவும் சந்தாதாரரை ஐ.பி. முகவரியால் அறிகின்றன. வளாகத்தின் முகவரியிலிருந்து வரும் வேண்டுகோளுக்கு முழுக் கட்டுரையும், கைபேசி நிறுவனத்தின் முகவரியிலிருந்து வரும் வேண்டுகோளுக்குச் சுருக்கம் மட்டுமே கிட்டும். அதே மாணவர், அதே கணினி. இணைந்த வலையமைப்பு வேறுபடுவதால் நூலகம் திறக்கிறது அல்லது மூடுகிறது.

இன்ஃப்லிப்நெட் நடுவத்தின் என்-லிஸ்ட் திட்டம் கல்லூரி மாணவர்க்குத் தனிப் பயனர்பெயரை அளித்து இக்குறையை ஓரளவு தீர்த்தது. 2024 நவம்பர் 25இல் ஒப்புதல் பெற்ற ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்களை மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துள்ளது. இங்கும் அடையாள ஏற்பே வாயிலாகிறது. மாணவர் இன்னார் என்று நம்பத்தகும் வகையில் கூறவல்ல சான்றுச் சேவையகம் இல்லாத நிறுவனத்தின் மாணவர், வளாகத்திற்கு வெளியே, விடுமுறையில், விடுதியில் அல்லது கடலோரச் சிற்றூரில் உள்ள தம் வீட்டில் இப்பயனைத் தடையின்றிப் பெறுவது கடினம். வைஃபைக்கென அமைக்கப்படும் சான்றுச் சேவையகமும் மாணவர் பட்டியலுமே நூலகத்திற்கும் அடித்தளமாக அமைய இயலும் என்பது நிறுவனங்கள் கருதத்தக்கது.

கணினி வந்துசேரும் அலை

2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம், மீனவர், உப்பள, துறைமுகத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் முதற்கணினியைத் தந்தது. அக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்க்குக் கணினி வழங்கப்படும் என்று அறிவித்தது. கணினியைக் கொடுப்பது அரசின் பணி. அதை ஏற்பது வளாகத்தின் பணி. விண்டோஸ் ஒன்றுக்கே வழிகாட்டுக் குறிப்பு வைத்திருக்கும் வளாகம், லினக்ஸ் கொண்டுவரும் மாணவரைத் தன்னையறியாமலே விலக்குகிறது.

பெருந்தொகையான கணினிகள் ஒரே பருவத்தில் நுழைவதில் பாதுகாப்புச் சிக்கலும் உண்டு. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்னும் கணினிப்புழு பரவியபோது, விடுமுறை முடிந்து திரும்பிய மாணவர்களின் கணினிகள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் வலையமைப்பைத் திணறச் செய்தன. அதன்பின்னரே நுழையும் கணினியை முதலில் தனிப்பிரிவில் நிறுத்திச் சோதிக்கும் ஏற்பாடு பரவலாயிற்று. மாணவர் பிரிவு, அலுவலகப் பிரிவு, தேர்வுப் பிரிவு என வலையமைப்பை மெய்நிகர்ப் பகுதிகளாகப் பிரிப்பதும், மாணவர் கணினிகள் ஒன்றையொன்று நேரே தொடாதவாறு தடுப்பதும் இன்று குறைந்தபட்சத் தேவைகள்.

தமிழில் பெயரிடல்

வலையமைப்பின் பெயரைத் தமிழில் வைக்க இயலுமா என்பது தமிழாய்வுலகுக்கு உரிய ஒரு வினா. இயலும், ஆனால் எல்லையுண்டு. வைஃபை பெயர் 32 பைட்டுகளுக்கு மேற்படக்கூடாது. யூ.டி.எஃப்-8 குறியீட்டில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டும், ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டிற்கும் மூன்று பைட்டுகளும் தேவை. உயிர்மெய்யும் புள்ளியெழுத்தும் பெரும்பாலும் இரண்டு குறியீடுகளாக எண்ணப்படும். ‘தூத்துக்குடி’ என்னும் சொல் 12 குறியீடுகள், 36 பைட்டுகள் கொண்டது. ஆகவே எல்லையைக் கடந்துவிடுகிறது. ‘முத்துநகர்’ 10 குறியீடுகள், 30 பைட்டுகள், எல்லைக்குள் அடங்குகிறது. ஊரின் பெயரை ஏற்காத செந்தரம் அதன் சிறப்புப் பெயரை ஏற்கிறது. ஆங்கிலத்தை அளவாகக் கொண்டு வகுத்த செந்தரங்களில் தமிழுக்குக் கிட்டும் இடம் மூன்றில் ஒரு பங்கே என்பதை இது எண்ணாலேயே உணர்த்துகிறது. பெயரினும் முதன்மையானது வழிகாட்டுக் குறிப்பு. சான்றிதழ் எச்சரிக்கையின் பொருளைத் தமிழில் விளக்காத வளாகத்தில், தமிழ்வழிக் கல்வி பெற்ற முதலாண்டு மாணவர் ‘ஆம்’ என்றே அழுத்திச் செல்வார்.

உரிமையும் கண்காணிப்பும்

மாணவரை அறியும் முறைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. யார், எப்போது, எங்கிருந்து இணைந்தார் என்பது பதிவாகிறது. சட்டம் இதனை வேண்டவும் செய்கிறது. இந்தியக் கணினி அவசரநிலைக் குழு 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட நெறிமுறைகள் பதிவேடுகளை 180 நாள் காக்கவும், பாதுகாப்பு மீறலை ஆறு மணிநேரத்திற்குள் தெரிவிக்கவும் கோருகின்றன. ஒரே வெளிமுகவரியைப் பல மாணவர் பகிர்வதால், தவறு நேர்ந்தால் உரியவரைக் கண்டறிய இப்பதிவேடு தேவை. அது இன்றேல் ஐயம் ஒரு விடுதி முழுவதன்மேலும் படியும்.

ஆயினும் இணைந்த நேரத்தைப் பதிவதும் படித்த பக்கத்தைப் பதிவதும் வேறு வேறு. முன்னது பொறுப்பு, பின்னது வேவு. 2017 ஆகஸ்ட் 24இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென அறிவித்தது. கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி விடுதி ஒன்றில் மாலை 6 முதல் இரவு 10 மணிவரை மாணவியர் கைபேசி பயன்படுத்தத் தடை விதிக்கப்பட்டது. அதனை எதிர்த்த பஹீமா ஷிரின் வழக்கில், இணைய அணுகல் கல்வி உரிமையின் பகுதி, அந்தரங்க உரிமையின் பகுதி எனக் கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பர் 19இல் தீர்ப்பளித்தது. விடுதி வைஃபையை மாணவியர்க்கு மட்டும் முன்னிரவில் நிறுத்தும் எவ்வளாகத்திற்கும் இத்தீர்ப்பு எழுப்பும் வினா பொருந்தும். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்கிறது. முதலாண்டு மாணவர் பலர் பதினேழு வயதினர். கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் உண்டெனினும், எத்தரவு, எந்நோக்கிற்கு, எத்துணைக் காலம் என்பதை மாணவர்க்கு முன்கூட்டி எழுத்தில் அறிவிப்பது நிறுவனத்தின் கடமையாகிறது.

துண்டிப்பைத் தாங்கும் வளாகம்

தூத்துக்குடி இருமுறை நீண்ட துண்டிப்பைக் கண்டது. 2018 மே 22இல் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்போது நிகழ்ந்த துப்பாக்கிச்சூட்டில் பலர் உயிரிழந்தபின், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையச் சேவையை நிறுத்த அரசு மறுநாள் ஆணையிட்டது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் 24 மணிநேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. வெள்ளத்தில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் மாவட்டத்தின் பல பகுதிகளில் அற்றுப்போயின.

வெளியிணைப்பு அற்றாலும் வளாகத்தின் உள்வலையமைப்பு அறவேண்டியதில்லை. சான்றுச் சேவையகம், முகவரிச் சேவையகம், பாடக்குறிப்புச் சேவையகம் ஆகியன வளாகத்திற்குள்ளேயே அமைந்து மின்கலத் துணையும் பெற்றிருந்தால், மாணவர் ஒருவருக்கொருவர் செய்தி பரிமாறவும், சேமித்த நூல்களைப் படிக்கவும், விடுதியில் சிக்கியோரின் பட்டியலைத் தொகுக்கவும் இயலும். இவையனைத்தையும் தொலைதூர மேகச் சேவையகங்களில் வைத்த வளாகத்தில், ஒரு வடம் அறுந்ததும் பக்கத்து அறைக் கணினிகூட எட்டாததாகிவிடும். சேவையக அறையைத் தரைத்தளத்தில் வைக்காமையும் வெள்ளம் கற்பித்த பாடமே. மேகச் சேவை சிக்கனமானது. அதன் உட்பிரதி ஒன்றை வளாகத்தில் வைப்பது இக்கரையோரத்திற்கு ஆடம்பரமன்று.

முடிவுரை

மாணவர் கணினியை வளாக வலையமைப்புடன் இணைப்பது வன்பொருளைப் பொருத்தும் செயலோடு முடிவதன்று. அது மாணவரை நிறுவனத்தின் அறிவுச் செல்வத்திற்கு உரியவராக ஏற்கும் செயல். கணினியின் எண்ணைப் பதிவு செய்யும் முறை புனைவெண்களின் வரவால் பயனிழந்தது. மாணவரை அறியும் முறை, சான்றிதழ்ச் சோதனை பிறழாதவரை, பாதுகாப்பானதும் வளாகம் கடந்து செல்லவல்லதும் ஆகும். அம்முறைக்கென அமைக்கும் சான்றுச் சேவையகமே மின்னூலகத்தின் திறவுகோலும் ஆகிறது.

மாணவரை அறியும் வலையமைப்பு, அவரைப் பற்றித் தான் அறிந்ததற்கு வரம்பு காணவும் வேண்டும். இணைந்த நேரம் போதும். படித்த பக்கம் வேண்டா. தூத்துக்குடி போன்ற கரையோர நகரத்தில் உள்வலையமைப்பு தன்னளவில் இயங்கவல்லதாக இருத்தல் வேண்டும். மூன்று பல்கலைக்கழகங்களின் கல்லூரிகள் அமைந்த இந்நகரில் அவை எடுரோம் வழியே ஒன்றையொன்று ஏற்குமாயின், விலையில்லா மடிக்கணினியோடு கடலோரச் சிற்றூரிலிருந்து வரும் மாணவர் எந்த வளாகத்திலும் அந்நியராக நிற்கவேண்டியதில்லை. இதற்குத் தேவையான தொழில்நுட்பம் இருபது ஆண்டுகளாக உள்ளது. எஞ்சியிருப்பது நிறுவனங்களின் கொள்கை முடிவே.